சிவப்புப் பெயர்ச்சியை வகுப்பில் எப்படி விளக்குவது: நான்கு வழிகளின் ஒப்பீடு

மதுரையைச் சுற்றியுள்ள மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் மாணவர்களுக்கு மாலை வேளையில் வானியல் சொல்லித்தரும் ஆசிரியர்கள், பேரண்டம் விரிகிறது என்ற பாடத்துக்கு வரும்போது ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்து வருகிறது என்பதும், அதை வைத்தே விரிவை அறிகிறோம் என்பதும் எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்திகள். ஆனால் அந்த நகர்வுக்கும் விரிவுக்கும் உள்ள உறவை எந்த வழியில் சொல்வது என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. திரள்கள் நம்மை விட்டு ஓடுவதால் ஏற்படும் டாப்ளர் விளைவு, அதாவது விலகிச் செல்லும் பொருளிலிருந்து வரும் அலை நீண்டு தெரிவது, என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். வெளி நீள்வதால் அதில் பயணம் செய்யும் அலையும் நீள்கிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். மூன்றாவதாக, வழி நெடுக நிகழும் மிகச் சிறிய டாப்ளர் பெயர்ச்சிகளின் பெருக்கல் பலன் என்று காட்டும் வழி ஒன்று உண்டு. நம் வகுப்புகளில் அது அதிகம் புழக்கத்தில் இல்லை. நான்காவது, ஒளி நெடுந்தூரம் வருவதால் ஆற்றலை இழந்து களைத்துப்போகிறது என்ற பழைய கருத்து. அது தவறு என்று நிறுவப்பட்டுவிட்டாலும் மாணவர்கள் தாமாகவே அதைக் கேட்பதால் அதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

கையில் இருப்பது ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டே இந்த நான்கையும் எடைபோடுகிறேன். அளவீடு சொல்வதோடு விளக்கம் ஒத்துப்போகிறதா, மாணவர் ஏற்கெனவே கற்ற கணக்கைக் கொண்டு அவரே அதைச் செய்து பார்க்க முடியுமா, நாளை கல்லூரியில் பொதுச் சார்பியல் படிக்கும்போது இன்று கற்றதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நேருமா என்று பார்ப்பதே என் அளவுகோல். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எந்த விளக்கத்தை எடுத்தாலும், அதற்கு முன் அளக்கப்படுவது என்ன என்பதை மாணவர் கண்ணுக்கு நேரே காட்டிவிட வேண்டும். 1963-இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற குவாசரின் (மிகத் தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் திரள் மையம்) நிறமாலையில் இன்னவென்று விளங்காத கோடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை வேறெதுவும் இல்லை, நமக்குப் பழக்கமான ஹைட்ரஜனின் கோடுகளே என்று அவருக்குப் புலப்பட்டது. ஆய்வகத்தில் 434.0 நானோமீட்டரில் இருக்கும் கோடு அந்தக் குவாசரில் சுமார் 502.6-இல் இருந்தது, 486.1-இல் இருக்க வேண்டியது சுமார் 562.9-இல் இருந்தது. இரண்டையும் வகுத்துப் பார்க்கச் சொன்னால் மாணவர்கள் இரண்டு இடத்திலும் 1.158 என்றே எழுதுவார்கள். நீலத்தில் இருந்த கோடு எவ்வளவு மடங்கு நீண்டதோ, அதே மடங்குதான் ஊதாவை ஒட்டிய கோடும் நீண்டிருக்கிறது. இந்த மடங்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 0.158-ஐத்தான் இசட் என்ற எழுத்தால் குறிக்கிறோம். எல்லாக் கோடுகளுக்கும் ஒரே விகிதம் என்பதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் வைப்பது நல்லது. பின்னால் வரும் தீர்ப்புகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இல் ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளின் நிறமாலையை அளந்தபோது அது விநாடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருவது தெரிந்தது. ஆனால் அடுத்தடுத்து அவர் அளந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை சிவப்புப் பெயர்ச்சியையே காட்டின. அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் 1922-இலும், ஜார்ஜ் லெமெத்ர் 1927-இலும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து விரியும் பேரண்டத்தைக் கணக்கில் கண்டனர். சிவப்புப் பெயர்ச்சியை அந்த விரிவோடு இணைத்தவர் லெமெத்ர். 1929-இல் எட்வின் ஹபிள், தொலைவு கூடக்கூடப் பெயர்ச்சியும் அதே விகிதத்தில் கூடுகிறது என்பதை அளவீடுகளால் காட்டினார். ஆனால் அந்தப் பெயர்ச்சி உண்மையான வேகத்தைத்தான் குறிக்கிறதா என்பதில் ஹபிள் கடைசிவரை எச்சரிக்கையாகவே பேசினார் என்பதை மாணவர்களுக்குச் சொல்வது நல்லது. ஏனென்றால் நாம் இங்கே ஒப்பிடப்போகும் கேள்வியும் அதுதான்.

முதல் வழியான டாப்ளர் விளைவுக்கு இருக்கும் பலம் அது மாணவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதே. சோழவந்தான் பக்கம் நிற்காமல் கடக்கும் விரைவு வண்டியின் ஊதல், நெருங்கும்போது உச்சமாகவும் கடந்தபின் தாழ்ந்தும் ஒலிப்பதைக் கேட்காத பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் இல்லை. வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால், வருகையில் கேட்கும் அதிர்வெண்ணுக்கும் போகையில் கேட்கும் அதிர்வெண்ணுக்கும் இடையே சுமார் 15 விழுக்காடு இறக்கம் இருக்கும் என்று பதினொன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டிலேயே கணக்குப் போடலாம். காது தெளிவாக உணரக்கூடிய வேறுபாடு அது.

மதுரை மாணவர்களுக்கு இன்னொரு சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொடைக்கானலில், 1909 ஜனவரியில், ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளின் நிறமாலையை அளந்தார். சூரிய வட்டின் நடுவிலிருந்து விலகி, விளிம்பை நோக்கி அமைந்த கரும்புள்ளியில், வட்டின் நடுவைப் பார்த்த பக்கத்தில் கோடுகள் நீலத்தை நோக்கியும் விளிம்பைப் பார்த்த பக்கத்தில் சிவப்பை நோக்கியும் சற்றே நகர்ந்திருந்தன. கரும்புள்ளியின் வெளிப்பகுதியில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்பதே அதன் பொருள். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. பாய்ச்சல் விநாடிக்கு 2 கி.மீ. என்று எடுத்துக்கொண்டால், 600 நானோமீட்டர் கோடு நகர்வது 0.004 நானோமீட்டர் மட்டுமே. அத்தனை நுண்ணிய நகர்வை ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒளிப்படத் தகட்டில் அளந்திருக்கிறார்கள் என்பதை மாணவர் உணர வேண்டும். குவாசரில் நாம் கண்ட நகர்வு அதைப் போல ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு. எவர்ஷெட்டும் தாமஸ் ராய்ட்ஸும் அதே மலையில் இன்னொன்றையும் ஆராய்ந்தனர். சூரிய நிறமாலைக் கோடுகள் ஆய்வகக் கோடுகளைவிடச் சற்றே சிவப்புப் பக்கம் தள்ளி நிற்பதை அவர்கள் அளந்தார்கள். ஒளி சூரியனின் ஈர்ப்பை மீறி வெளியேறுவதால் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்கு அலைநீளம் கூட வேண்டும் என்ற ஐன்ஸ்டைனின் கணிப்பைச் சோதிக்கும் முயற்சிகளில் அந்த அளவீடுகள் இடம்பெற்றன. ஆக, சிவப்புப் பெயர்ச்சிக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்ற பாடத்தைக் கொடைக்கானலை வைத்தே சொல்லிவிடலாம்.

டாப்ளர் வழி சறுக்குவது பெயர்ச்சி பெரிதாகும் இடத்தில். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் 2024-இல் அறியப்பட்ட ஒரு விண்மீன் திரளின் இசட் 14-ஐத் தாண்டியது. ஒளிவேகத்தை இசட்டால் பெருக்கினால் வேகம் கிடைக்கும் என்று கற்ற மாணவர், அந்தத் திரள் ஒளியைப் போல் 14 மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்று எழுதுவார். சிறப்புச் சார்பியல் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொடுத்துத் திருத்தினால், ஒளிவேகத்தில் 99.1 விழுக்காடு என்று விடை வரும். முதல் விடை பார்த்தவுடன் தவறு என்று தெரிகிறது. இரண்டாவது சரியானதுபோல் தோன்றுவதால் அதில் ஆபத்து கூடுதல். விரிவு நிலையான வேகத்தில் நடப்பதில்லை, இடையில் ஈர்ப்பும் இருக்கிறது. ஆகவே ஒளி கிளம்பிய நேரத்து வேகமா, வந்து சேர்ந்த நேரத்து வேகமா என்று கேட்டால் அந்த வாய்ப்பாட்டிடம் பதில் இல்லை. இன்றைய அண்டவியல் மாதிரியின்படி அத்திரளுக்கும் நமக்கும் இடையிலான தொலைவு இன்று ஒளிவேகத்தின் இரண்டு மடங்குக்கும் மேலான வீதத்தில் கூடிக்கொண்டிருக்கிறது. இசட் ஏறத்தாழ 1.5 உள்ள திரள்களிலேயே அந்த வீதம் ஒளிவேகத்தை எட்டிவிடுகிறது. எந்தப் பொருளும் தன் அருகிலுள்ள ஒளியை முந்திச் செல்லாததால் இதில் சார்பியலுக்கு முரண் ஏதும் இல்லை. ஆனால் ஊதல் உதாரணத்தை மட்டும் கேட்டு வந்த மாணவருக்கு அது முரணாகவே படும். இன்னொரு குறையும் உண்டு. எல்லாத் திரள்களும் நம்மை விட்டு ஓடுகின்றன என்று தொடங்கினால், நாமே நடுவில் இருக்கிறோம், ஏதோ ஓரிடத்தில் வெடித்துச் சிதறியது என்ற படம் மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்தப் படத்தை அகற்ற இன்னொரு வகுப்பு தேவைப்படும்.

இரண்டாவது வழியான வெளியின் நீட்சி, அந்தக் குறைகளில் பலவற்றை ஒரே வாக்கியத்தில் தீர்க்கிறது. ஒளி வந்து சேரும்போது பேரண்டத்தின் அளவு எவ்வளவோ, அதை ஒளி கிளம்பியபோது இருந்த அளவால் வகுத்தால் கிடைப்பதே ஒன்று கூட்டல் இசட். இசட் 14 என்றால், அந்த ஒளி கிளம்பியபோது திரள்களுக்கிடையேயான தொலைவுகள் இன்றுள்ளதில் பதினைந்தில் ஒரு பங்காக இருந்தன என்று பொருள். வேகம் என்ற சொல்லையே எடுக்க வேண்டியதில்லை. இதைக் காட்டவும் எளிது. விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் அகலமான எலாஸ்டிக் நாடாவில் ஒரு மீட்டர் வாங்கி, இரு முனைகளிலும் இரண்டு புள்ளிகளும் நடுவில் பேனாவால் ஓர் அலைக்கோடும் வரைந்து, இரண்டு மாணவர்களை இழுக்கச் சொன்னால், புள்ளிகள் விலகுவதும் அலையின் முகடுகள் விலகுவதும் ஒன்றாகவே நடக்கும். ஒன்றரை மீட்டராக நீளும்போது அலைநீளத்தை அளவுகோலால் அளந்தால் அதுவும் ஒன்றரை மடங்காகியிருக்கும். பொதுமக்கள் கூடும் வான்நோக்கு நிகழ்ச்சிகளுக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி எனக்குத் தெரியவில்லை.

இந்த வழியின் பெரிய வரவு, அண்டப் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சை அது விளக்கும் விதம். பேரண்டம் தோன்றி சுமார் 3,80,000 ஆண்டுகளில், வெப்பநிலை ஏறத்தாழ 3,000 கெல்வினாக இருந்தபோது, ஒளி தடையின்றிப் பரவத் தொடங்கியது. அன்று ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருந்த அலைகள் இன்று ஒரு மில்லிமீட்டர் அளவில் வந்து சேர்கின்றன. நீட்சி சுமார் 1,090 மடங்கு, வெப்பநிலை 2.725 கெல்வின். இதை இடைவழியிலும் சோதித்திருக்கிறார்கள். புனேயிலுள்ள வானியல் மையமான ஐயூகாவின் ஆர். ஸ்ரீயானந்தும் உடன் ஆய்வாளர்களும், இசட் 2.418 உள்ள ஒரு தொலைதூர வாயு மேகத்தில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளைக் கொண்டு அன்றைய பின்னணி வெப்பநிலையை அளந்து, 2008-இல் 9.15 கெல்வின் என்று வெளியிட்டனர். இன்றைய வெப்பநிலையை 3.418-ஆல் பெருக்கினால் 9.31 வருகிறது, அளவீட்டின் பிழை வரம்புக்குள் இரண்டும் ஒத்துப்போகின்றன. மாணவர்கள் இந்தப் பெருக்கலைத் தாங்களே செய்து, விடை பொருந்துவதைப் பார்க்கும்போது வகுப்பில் எழும் ஆர்வத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எலாஸ்டிக்கைக் காட்டி முடித்ததும் வரும் கேள்விக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். “சார், வெளி விரியுதுன்னா இந்த பெஞ்சும் நீளணும்ல?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார். மிகச் சரியான கேள்வி. பெஞ்சை அதன் அணுக்களுக்கு இடையேயான மின்விசை பிடித்து வைத்திருக்கிறது. பூமியைச் சூரியனின் ஈர்ப்பு பிடித்து வைத்திருக்கிறது. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமீடாவும் நம் பால்வழியும்கூட ஒன்றையொன்று ஈர்த்து நெருங்கிக்கொண்டிருக்கின்றன. கார்த்திகை மாத முன்னிரவில், அழகர்மலை அடிவாரம்போல் விளக்கொளி குறைந்த இடத்தில் நின்று வடக்கு வானில் மங்கலான திட்டாக அதைக் காட்டி, இதன் ஒளி நீலப்பக்கம் நகர்ந்தே வருகிறது என்று சொன்னால் எல்லைக்கோடு மாணவருக்குத் தெளிவாகும். விரிவு தலைகாட்டுவது விண்மீன் திரள்கள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்த அளவையும் தாண்டிய தொலைவுகளில்தான். இந்த விடையைச் சொல்லிவிடலாம். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் கேள்வி இன்னும் ஆழமானது: பெஞ்சை இழுக்க முடியாத வெளி, ஒளியலையை மட்டும் எப்படி இழுக்கிறது? நாடாவில் வரைந்த அலை நீள்வதற்குக் காரணம் மை நாடாவோடு ஒட்டியிருப்பது. ஒளி அப்படி வெளியோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. வெளி என்பது பிடித்து இழுக்கும் ஒரு பொருளும் இல்லை. நாடா சரியான விகிதத்தைத் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை. நீட்சி வழியை மட்டும் நம்பி நடக்கும் வகுப்புகள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

மூன்றாவது வழிக்கு இங்கேதான் வேலை. தொலைதூரத் திரளுக்கும் நமக்கும் இடையே, ஒளி வரும் பாதையில், ஒரு கோடி ஒளியாண்டுக்கு ஒரு திரள் வீதம் வரிசையாக இருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர் நிறமாலைமானியோடு நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம். தொலைவு கூடக்கூட விலகும் வேகம் எவ்வளவு கூடுகிறது என்று சொல்லும் ஹபிள் மாறிலியை ஒரு மெகாபார்செக்குக்கு விநாடிக்கு 70 கி.மீ. என்று எடுத்தால், ஒரு மெகாபார்செக் என்பது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு ஆகையால், பக்கத்துப் பக்கத்து மாணவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் விநாடிக்குச் சுமார் 215 கி.மீ. வேகத்தில் விலகுகிறார்கள். இது ஒளிவேகத்தில் பதினாயிரத்தில் ஏழு பங்குதான். ஆகவே எளிய டாப்ளர் வாய்ப்பாடே போதும்: முதல் மாணவர் அளந்து அனுப்பும் அலைநீளம் அடுத்தவருக்கு 0.07 விழுக்காடு கூடித் தெரியும். இப்போது மறுபக்கத்தைக் கணக்கிடச் சொல்ல வேண்டும். ஒளி ஒரு கோடி ஒளியாண்டைக் கடக்க ஒரு கோடி ஆண்டு ஆகிறது. அந்த ஒரு கோடி ஆண்டில், அதே ஹபிள் மாறிலியின்படி, திரள்களுக்கிடையேயான எல்லாத் தொலைவுகளும் எவ்வளவு கூடியிருக்கும்? அதே 0.07 விழுக்காடு. இரண்டு எண்களும் ஒன்றாக வருவது தற்செயல் ஆகாது. விலகும் வேகம் என்பது தொலைவு பெருக்கல் விரிவு வீதம். அதை ஒளிவேகத்தால் வகுத்தால் தொலைவு போய் நேரம் வருகிறது. நேரம் பெருக்கல் விரிவு வீதம்தான் அந்த நேரத்தில் நடந்த விரிவு. இதற்கு மேல் ஒரு சமன்பாடும் தேவையில்லை.

அடுத்த படியில் கணக்கு தானாக முடிகிறது. ஒவ்வொரு மாணவரிடமும் அலைநீளம் கூடும் மடங்கு, அந்த இடைவேளையின் முடிவில் இருந்த அளவை அதன் தொடக்கத்தில் இருந்த அளவால் வகுத்த பின்னம். இந்தப் பின்னங்களை வரிசையாகப் பெருக்கினால், ஒன்றின் மேலுள்ள எண்ணும் அடுத்ததன் கீழுள்ள எண்ணும் அடிபட்டுக்கொண்டே வந்து, கடைசியில் எஞ்சுவது இரண்டே எண்கள்: ஒளி வந்து சேர்ந்தபோது பேரண்டத்தின் அளவு மேலே, ஒளி கிளம்பியபோது இருந்த அளவு கீழே. இரண்டாவது வழி ஒரு வாக்கியமாகச் சொன்ன அதே விகிதம் இங்கே மாணவர் கையாலேயே வந்து நிற்கிறது. விரிவின் வேகம் இடையில் குறைந்ததா கூடியதா என்பது விடையில் இல்லவே இல்லை என்பதையும் அந்த அடிபடுதல் காட்டிவிடுகிறது. விரிவு முதலில் நெடுங்காலம் வேகம் குறைந்துகொண்டே வந்து, சுமார் 500, 600 கோடி ஆண்டுகளாக வேகம் கூடிக்கொண்டிருக்கிறது என்பது 1998 முதல் தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் என்னும் விண்மீன் வெடிப்புகளின் வழியே தெரியவந்த செய்தி. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட ஒளிக்கதிரின் இசட் அந்த வரலாற்றின் இரண்டு முனைகளை மட்டுமே பதிவு செய்கிறது. தொகையீடு கற்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இதையே மடக்கையாக இரண்டு வரியில் எழுதிவிடுவார்.

வெளி ஒளியை எப்படி இழுக்கிறது என்ற கேள்வியும் இங்கே எழுவதில்லை. யாரும் எதையும் இழுக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் அளப்பவர் முந்தைய அளப்பவரை விட்டு விலகிக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. பெஞ்சின் இரு முனைகளும் ஒன்றையொன்று விட்டு விலகாததால் அங்கே டாப்ளரும் இல்லை, நீட்சியும் இல்லை. நடுவில் யார் என்ற குழப்பமும் போய்விடுகிறது, ஏனென்றால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் அதே வேகத்தில் விலகுகிறார். ஒரு படிக்குள் ஈர்ப்பின் பங்கை நாம் விட்டுவிடுகிறோம் என்பதை ஆசிரியர் நேர்மையாகச் சொல்ல வேண்டும். படியை எவ்வளவு சிறிதாக்குகிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பங்கு அதைவிட விரைவாகக் குறைந்து மறைகிறது என்று சொன்னால் நுண்கணிதம் கற்கும் மாணவர் புரிந்துகொள்வார். இந்த வழி ஆசிரியர்களின் கைச்சரக்கு இல்லை. 2009-இல் எமரி பன், டேவிட் ஹாக் ஆகிய இருவரும், அண்டச் சிவப்புப் பெயர்ச்சியை ஒளியின் பாதை நெடுக நிகழும் மிகச் சிறு டாப்ளர் பெயர்ச்சிகளின் தொடராகக் காண்பதே இயல்பானது என்று விரிவாக வாதிட்டிருக்கிறார்கள். நீட்சி என்ற பேச்சை விரும்பும் இயற்பியலாளர்களும் உண்டு. ஆனால் அளவீடு எதிலும் இவ்விரு தரப்பும் வேறுபடுவதில்லை. ஒரே நிகழ்வை வெவ்வேறு ஆயத்தொலைகளில் விவரிக்கிறார்கள், அவ்வளவுதான். மாணவர் இதைப் பள்ளியிலேயே அறிந்துவிட்டால் எது உண்மை என்ற வீண் சண்டையில் பின்னாளில் சிக்கமாட்டார்.

நேரம்தான் இந்த வழியின் விலை. நாடாவைப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். மாணவர் வரிசைக்கு அரை மணி வேண்டும். கரும்பலகையும், பெருக்கத் தயங்காத மாணவர்களும் வேண்டும். திறந்தவெளியில், இருட்டில், தொலைநோக்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஊர்மக்களிடம் இதை எடுத்தால் பாதியிலேயே கலைந்துவிடுவார்கள்.

களைத்த ஒளி என்ற நான்காவது கருத்தை 1929-இலேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி முன்வைத்தார். ஒளி வழியில் எதனோடோ மோதி ஆற்றலை இழக்கிறது, பேரண்டம் விரியவில்லை என்பது அதன் சாரம். மோதினால் ஒளி சிதறி, தொலைதூரத் திரள்களின் உருவம் கலங்க வேண்டும்; அப்படி நடக்கவில்லை. ரேடியோ அலை முதல் புற ஊதாவரை எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் நகர்வதற்கும் எந்த மோதலும் எளிதில் இடம் கொடுக்காது. எல்லாவற்றையும்விட உறுதியான சான்று காலத்தில் இருக்கிறது. முதல் வகை-ஏ சூப்பர்நோவா ஒளிர்ந்து மங்குவதற்கு ஏறத்தாழ ஒரே காலம் எடுத்துக்கொள்வதால் அதை ஒரு கடிகாரமாகக் கொள்ளலாம். ஒளி வெறுமனே களைத்திருந்தால் நிறம் மட்டும் மாறியிருக்கும், கடிகாரம் மாறியிருக்காது. விரிவு உண்மையென்றால் அலை முகடுகளுக்கிடையேயான இடைவெளி எத்தனை மடங்கு நீள்கிறதோ, அத்தனை மடங்கு சூப்பர்நோவாவின் நாள்களும் நீள வேண்டும். இசட் 1 உள்ள வெடிப்பு இரு மடங்கு காலம் எடுத்து மங்க வேண்டும். 1990-களிலிருந்து அளந்தவர்கள் அப்படியே நீள்வதைக் கண்டார்கள். 2024-இல் இருண்ட ஆற்றல் அளவாய்வுக் குழு 1,500-க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களை வைத்து அந்த நீட்சி எதிர்பார்த்தபடியே இருப்பதை மிகத் துல்லியமாக உறுதிசெய்தது. இந்தக் கருத்துக்கு வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்குவது வீணாகாது என்பது என் எண்ணம். கேட்கும்போது நியாயமாகத் தோன்றிய ஒன்றை அளவீடு எப்படித் தள்ளிவைக்கிறது என்று மாணவர் பார்க்க இதைவிட நல்ல இடம் பாடத்தில் இல்லை. காலமும் நீளும் என்ற இந்த முடிவு மூன்றாவது வழியில் தனியே விளக்கமின்றிக் கிடைக்கிறது என்பதும் அதற்குச் சாதகமான ஒன்று: ஒரு முகடுக்கும் அடுத்த முகடுக்கும் உள்ள இடைவேளை நீள்கிறதென்றால், ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள இடைவேளையும் அதே அளவு நீண்டாக வேண்டும்.

ஹபிள் மாறிலியின் மதிப்பு 67-ஐ ஒட்டியதா, 73-ஐ ஒட்டியதா என்ற இன்றைய சர்ச்சையை மாணவர்கள் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். அது விரிவு வீதத்தின் அளவைப் பற்றியது. நாம் இங்கே ஒப்பிட்ட நான்கு வழிகளில் எதைத் தேர்வது என்பதை அது மாற்றுவதில்லை. அந்த அளவில் பதில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பலாம்.

என் தேர்வு இதுதான். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் மாணவர்களுக்கு மூன்றாவது வழியையே முதுகெலும்பாக வைக்க வேண்டும். குவாசர் கோடுகளை வகுத்துப் பார்ப்பதில் தொடங்கி, ரயில் ஊதலையும் கொடைக்கானலையும் வாசலாகக் கொண்டு டாப்ளரை நினைவூட்டி, உடனே மாணவர் வரிசைக்குப் போய்விட வேண்டும். எலாஸ்டிக் நாடாவை, கணக்கு முடிந்த பிறகு, அந்த விகிதத்தைக் கண்ணால் பார்க்கும் கருவியாக மட்டும் எடுக்கலாம். நாடாவை முதலில் எடுத்துவிட்டால் மாணவர் கணக்கைத் தேவையற்றதாக நினைக்கிறார். கணக்கு கடினமாக இருக்கும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கும் ஊர் நிகழ்ச்சிகளுக்கும் நாடாவே போதும். ஆனால் பெஞ்ச் நீளாது என்பதையும், மை நாடாவோடு ஒட்டியதுபோல் ஒளி வெளியோடு ஒட்டியதில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லாமல் அதைச் சுருட்டி வைக்கக் கூடாது. ஊதல் உதாரணத்தோடு மட்டும் வகுப்பை முடிப்பதை நான் எந்த வயதினருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பரீட்சையைப் பற்றிப் பெற்றோரும் மாணவரும் கேட்பது இயல்பு. அதற்கும் தெளிவான பதில் உண்டு. சோடியத்தின் 589.0 நானோமீட்டர் கோடு 589.6-இல் தெரிய ஒரு திரள் எந்த வேகத்தில் விலக வேண்டும் என்பது போன்ற கணக்கு கேட்கப்படலாம்.  அங்கே எளிய டாப்ளர் வாய்ப்பாட்டைப் போட்டு விநாடிக்குச் சுமார் 306 கி.மீ. என்று எழுதுவது முற்றிலும் சரி, ஏனென்றால் அது மாணவர் வரிசையின் ஒன்றிரண்டு படிகளுக்குள் அடங்கும் கணக்கு. இசட் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகும் கணக்கு வந்தால், வேகம் கேட்கப்படாதவரை விகிதத்தை மட்டும் எழுதிப் பழக வேண்டும். வீட்டுப் பாடமாக, ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் கோடு 1,824 நானோமீட்டரில் வந்து சேர்ந்தால், ஒளி கிளம்பியபோது திரள்களுக்கிடையேயான தொலைவுகள் இன்றுள்ளதில் எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்டு அனுப்பலாம்.